மலைநாட்டில் தங்கியவர்கள்

(கொல்லிமலைச் சிறுவர் பணியின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்)



ஜெபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவதாக நாம் தியானிப்பது, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சி. நம் பாட்டிமார் காலந்தொட்டு நாவில் பழகிவிட்ட இந்த இரகசியத்தில் இரண்டு சிறு செய்திகள் அடங்கியுள்ளன. அவற்றை நாம் அதிகமாகக் கவனிப்பதில்லை. ஒன்று, கன்னிமரியாள் சென்ற இடம் மலைநாடு. மற்றொன்று, அவர் போன சுருக்கில் திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினார் என்று புனித லூக்காஸ் குறித்து வைத்திருக்கிறார். நாம் அதற்குச் சந்திப்பு என்று பெயர் சூட்டினோம். ஆனால் நடந்தது சந்திப்பு மட்டுமன்று, தங்கல். பிள்ளைப்பேறு நெருங்கிய ஒரு முதிய தாய்க்குத் தேவைப்பட்டது வாழ்த்துச் செய்தியோடு திரும்பிப் போகும் விருந்தாளி அல்ல, வீட்டில் ஒருத்தியாகக் கூட இருக்கும் துணை.

நம் பங்கின் வரலாற்றை இம்மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். இக்கட்டுரை வேறொரு வரலாற்றைச் சொல்ல விழைகிறது. நமக்கு வெகுதொலைவில் இல்லாத ஒரு மலைமேல், ஏழைச் சிறுவர்களுக்காக இருவர் தங்கிய வரலாறு அது. அவ்விருவரும் கத்தோலிக்கர் அல்லர். முன்னொரு காலத்தில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஒரு பங்கு மலரில் எழுதத் தயங்கியிருப்போம். ஆனால் 1964 நவம்பர் 21ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய தன் விதித்தொகுப்பை வெளியிட்டபோது, பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுப் போற்றும்படி நமக்கு அறிவுறுத்தியது. அந்த மகிழ்ச்சியோடுதான் இதை எழுதுகிறேன்.

மலைக்குப் போகும் வழி

கீழப்பழுவூர் மலையில்லாத ஊர். ஏரியும் வயலும் புன்செய்க் காடும், தொலைவில் சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகளும் நம் கண்ணுக்குப் பழகியவை. ஆனால் அரியலூர் தாண்டி, பெரம்பலூர் தாண்டி, துறையூர்ச் சாலையில் மேற்கே போகப் போக வலப்பக்கம் நீல நிறத்தில் ஒரு தொடர் எழும்பி வரும். அது பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பது. துறையூரை அடைந்தால் அதற்கும் மேற்கே இன்னும் உயரமான ஒரு மலை சுவர் போல நிற்கும். அதுதான் கொல்லிமலை. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997க்கு முன் சேலம் மாவட்டத்தில் இருந்தது.

தமிழ் படித்தவர்களுக்குக் கொல்லிமலை புதிதன்று. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அங்கே உள்ளன. இன்று நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகச் சென்று, காரவள்ளி அடிவாரத்திலிருந்து பேருந்தில் ஏறலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சோளக்காடு, அப்பால் செம்மேடு. கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், வயலும் தோப்பும் சிற்றூர்களுமாக ஒரு தனி நாடே விரிந்து கிடக்கும்.

அங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள் என்பதே பெயரின் கருத்து. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மரபு. பேசுவது தமிழ். சாமையும் கேழ்வரகும் தினையும் அவர்களை வாழவைத்த தானியங்கள்.

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்புகூட அந்த மலையைப் பற்றிக் கீழ்நாட்டார் பேசிய முதல் வார்த்தை காய்ச்சல் என்பதுதான். மலைக்குப் போனால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் ஆள் திரும்பமாட்டான். ஆகவே வியாபாரி போவான், பண்டம் வாங்குவான், பொழுது சாயுமுன் இறங்கிவிடுவான். அதிகாரி போவான், கணக்குப் பார்ப்பான், இறங்கிவிடுவான். மலைக்கு வந்து போகிறவர்கள் எப்போதும் உண்டு. தங்குகிறவர்கள்தான் இல்லை.

மணநாளில் ஏறிய மலை

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கில இளைஞர் 1907இல் இந்தியாவுக்கு வந்தார். தொழிலால் கட்டடம் கட்டுபவர். பாப்திஸ்து சபைகளின் ஒரு பிரிவைச் சேர்ந்த மிஷன் அவரை அனுப்பியிருந்தது. சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு தமிழ் பயின்ற அவர், எதிரே நின்ற மலையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார், ஏறிப் பார்த்தார், அங்கே மருத்துவம் இல்லை, பள்ளி இல்லை என்று கண்டார். வெப்பநாட்டு நோய்களுக்கான வைத்தியத்தை இலண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு கற்றிருந்தது அவருக்குக் கைகொடுத்தது.

எவலின் ஹாரிஸ் என்பவர் இலண்டனில் வசதியான வீட்டில் 1879இல் பிறந்தவர். நல்ல ஓவியர். பட்டும் இறகுத் தொப்பியும் அணிந்து பழகிய அந்தப் பெண், முப்பது வயதைக் கடந்தபின் மிஷன் பணிக்கென்று சென்னைக்கு வந்தார். 1913இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணம் முடிந்த அன்றே மலையேறினார்கள். அந்நாளில் சாலை இல்லை. செங்குத்தான ஒற்றையடிப் பாதை மட்டுமே. வழியில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண்ணின் வெள்ளை ஆடை சேறும் கிழிசலுமாக, இருட்டிய பிறகு வாழவந்தியில் இருந்த புதுவீட்டை அடைந்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள்.

அந்த வீட்டையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி தம் கைப்படக் கட்டிய மரவீடு அது. கரையான் ஏறாதபடி கல்தூண்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் கவிழ்த்த வாணலி போன்ற ஒரு உலோகத் தட்டைப் பொருத்தியிருந்தார். கரையானால் அந்தத் தட்டின் விளிம்பைச் சுற்றி மேலே ஏற முடியாது. ஓரிரு மாதத்தில் இறங்கிவிட எண்ணுகிறவன் இப்படி வீடு கட்டமாட்டான்.

பலன் காணாத ஆண்டுகள்

நோயாளிகள் வந்தார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். கட்டி கீறிக்கொள்ள வந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார்கள். எல்லாவற்றிலும் கொடுமையானது நரம்புச் சிலந்தி என்னும் நோய். இளைய தலைமுறை இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மக்கள் படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணறுகளிலிருந்து அது பரவியது. தண்ணீரில் உள்ள கண்ணுக்கரிய பூச்சியோடு புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போகும். ஓராண்டு கழித்து ஒரு முழத்துக்கும் மேல் வளர்ந்த புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைநீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். அறுந்தால் கால் சீழ்பிடித்துவிடும். அறுவடைக் காலத்தில் தகப்பன் படுத்துவிட்டால் வீடு பட்டினி. சிறுவன் படுத்துவிட்டால் அவனுக்கு நடை இல்லை, விளையாட்டு இல்லை, படிப்பு இல்லை.

ஜெஸ்ஸி புழுவை இழுத்து எடுத்ததோடு நிற்கவில்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புங்கள், கால் படாமல் வாளியால் இறையுங்கள் என்று ஊர் ஊராகப் போதித்தார். வேதம் போதிக்க வந்தவர் கிணற்றுச் சுவரைப் போதித்தார். (பிற்காலத்தில் இந்தியா முழுவதும் இந்நோயை ஒழித்தது இதே வழிதான். நாட்டில் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடென்று சான்றளித்தது.) பள்ளிகள் திறந்தார்கள். பிள்ளைகளுக்குத் தச்சு வேலையும், செங்கல், ஓடு அறுக்கும் வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். பட்டுப்புழு வளர்க்கவும் பழமரங்கள் நடவும் வழிகாட்டினார்கள். கடனும் வட்டியும் மலைமக்களை அழுத்தியபோது அவர்களுக்காக அதிகாரிகளிடம் வாதாடினார்கள்.

இத்தனையும் செய்து ஆறேழு ஆண்டுகள் ஆகியும், அவர்கள் சொன்ன வேதத்தை ஏற்க ஒருவர்கூட முன்வரவில்லை. மருந்து வாங்கிக்கொள்வார்கள்; போய்விடுவார்கள். ஊர்ப் பூசாரி அவர்களை வெளிப்படையாக எதிர்த்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்நியர் ஒருவர் வந்து புதிய வழிபாட்டைச் சொன்னால், பரம்பரையாக அந்த ஊர்த் தெய்வத்துக்குப் பூசை செய்து வாழ்கிறவர் வேறென்ன செய்வார்? அவருடைய பிழைப்பும் மதிப்பும் அதில் இருந்தன.

ஒரு கிண்ணம் கஞ்சி

1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கொல்லிமலைக்கும் அது ஏறியது. நோயைவிட அச்சம் பெரிதாக இருந்தது. பெற்றவர்களைப் பிள்ளைகள் விட்டுப்போனார்கள்; அண்டை வீட்டார் கதவைச் சாத்தினார்கள். நோயினால் மாண்டவர் சிலர். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் மாண்டவர் பலர்.

பிராண்ட் தம்பதிகள் பெரிய பானைகளில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகக் கொண்டுபோய், எழ முடியாதவர்களின் வாயில் கரண்டியால் ஊட்டினார்கள். அந்த நாட்களில்தான் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்த செய்தி அவர்களுக்கு எட்டியது. போனார்கள். ஊரார் ஒருவரும் அருகில் இல்லை. தாயும் தந்தையும் பிழைக்க மாட்டார்கள் என்பது தெரிந்தது. பக்கத்தில் ஒரு சிறுவனும், ஓராண்டுகூட நிறையாத ஒரு பெண்குழந்தையும். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி, தம் இரு பிள்ளைகளையும் தாம் எதிர்த்து வந்த அதே மனிதர்களிடம் ஒப்படைத்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தம் தெய்வத்தையும் தம் ஊரையும் நன்றாக அறிந்த ஒரு மனிதர், தாம் எதிர்த்தவர்களை எதற்காக நம்பினார்? அவர்களுடைய பிரசங்கத்தை அவர் ஏற்றதாகத் தெரியவில்லை. ஆறேழு ஆண்டுகளாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மழையிலும் காய்ச்சலிலும் இறங்கிப்போகாமல் இருந்தார்கள் என்பதைப் பார்த்தார். வசைபாடிய வாய்க்கும் கஞ்சி ஊட்டினார்கள் என்பதைப் பார்த்தார். ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இக்காலத்தில் கிறிஸ்தவச் சிறுவர் பணி என்றாலே, சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எழுகிறது. அந்தக் கேள்வியைக் கோபத்தால் தள்ளிவிடக் கூடாது. நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. கொடுக்கும் கைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறதா? நம்மை ஏற்காதவனுக்கும் நாம் கொடுப்போமா? அந்தப் பூசாரியின் வீட்டுக்குப் போன கஞ்சிக்கு நிபந்தனை இருந்ததில்லை. இருந்திருந்தால் அந்த வீட்டுக்குள் அது போயிருக்கவே முடியாது.

பிள்ளைகள் சேர்ந்த வீடு

அந்த இரு பிள்ளைகளின் வருகையோடு மலையில் ஒரு கதவு திறந்தது. ஒரு பூசாரியே தம் குழந்தையை அவர்களிடம் விட்டார் என்ற செய்தி ஊர்களில் பரவியது. தாயில்லாக் குழந்தைகள், வளர்க்க வழியில்லாத குழந்தைகள், வேண்டாமென்று விடப்பட்ட குழந்தைகள் என்று ஒவ்வொருவராக அந்த வீட்டுக்கு வந்தார்கள். சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் தங்கிப் படிக்க இடம் உண்டாயிற்று. சிறிது காலத்தில் விசுவாசிகளின் ஒரு சிறு கூட்டமும் உருவாயிற்று.

ஆனால் இந்த வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அவர்களுக்கும் சொந்தப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். மூத்தவர் பால், 1914இல் பிறந்தவர். இளையவள் ஒரு தங்கை. மலைச் சிறுவர்களோடு மரமேறித் திரிந்த பிள்ளைகள். மேற்படிப்புக்காக 1923இல் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்போது பாலுக்கு ஒன்பது வயது. வாரந்தோறும் கடிதம் எழுதினார்கள். தந்தையின் கடிதங்களில் மலையின் மரங்களும் பறவைகளும் பூச்சிகளும் நிறைந்திருந்தன.

1929 ஜூன் 15ஆம் நாள், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே இறந்தார். நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. தந்தி இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த தந்தையின் கடிதம் அதற்குப் பின்னர் மகன் கைக்குக் கிடைத்தது. பிரிந்த நாள் முதல் தந்தையும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை.

பிறர் பிள்ளைகளை வளர்க்கத் தம் பிள்ளைகளைப் பிரிந்தது சரியா? இந்தக் கேள்விக்கு எளிதான பதில் இல்லை. பெற்றவர்களுக்கு அது எத்தகைய வாள் என்பதைத் தேவமாதாவின் வியாகுலங்களைத் தியானிக்கிற நாம் ஓரளவு உணரக்கூடும். பணி என்பது செய்கிறவர்களிடமிருந்து மட்டும் விலை கேட்பதில்லை. அவர்கள் பிள்ளைகளிடமும் கேட்கிறது. நம் உபதேசியார்களின் குடும்பங்களும், ஆசிரியர்களின் குடும்பங்களும் இதை அறியும். யூபிலி நாளில் நன்றி சொல்லும்போது அந்தக் குடும்பங்களையும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும்.

பாட்டியம்மாளின் இரண்டாம் பயணம்

கணவரைப் புதைத்த எவலின் அம்மையார் இங்கிலாந்து சென்று, துயரத்தோடு சில காலம் இருந்து, மீண்டும் இந்தியாவுக்கே வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் பணிசெய்ய வைத்தது. மலைக்கு அனுப்பவில்லை. கணவன் மனைவி இருவரும் ஒரு காலத்தில் ஒரு தீர்மானம் செய்திருந்தார்கள். கொல்லிமலை, நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலை, கல்வராயன்மலை உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களிலும் பணி நடக்க வேண்டும் என்பது அது. அந்தத் தீர்மானம் அவர் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது.

அறுபத்தெட்டு வயதளவில் ஓய்வுபெற வேண்டிய காலம் வந்தது. இன்னும் ஒரே ஓராண்டு தாருங்கள் என்று மிஷனைக் கெஞ்சிப் பெற்றார். அந்த ஆண்டும் முடிந்து எல்லாரும் வழியனுப்பக் கூடியபோது, தாம் நாட்டுக்குத் திரும்பப் போவதில்லை, மலைக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். மிஷனின் பணியாளர் என்ற உரிமையை விட்டாயிற்று. இனி யாரும் தடுக்க முடியாது. ஒரு சிறு குடிலைப் போட்டுக்கொண்டு, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மருந்து கொடுத்தார், கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார், கிணறுகளைப் பற்றிய கணவரின் பழைய போதனையைத் தொடர்ந்தார். ஐந்து மலைகளையும் ஒவ்வொன்றாக ஏறினார். ஒருகாலத்தில் அழகிய ஓவியப் பெண்ணாயிருந்த அவர், வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். மலைமக்களுக்கு அவர் வெறும் பாட்டியம்மாள். 1974 டிசம்பரில், தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மலை கொடுத்த கனி

இங்கிலாந்தில் விடப்பட்ட அந்த மகன் என்ன ஆனார்? சிறுவனாயிருந்தபோது அவர் மறக்காத ஒரு காட்சி உண்டு. ஒருநாள் மூன்று மனிதர்கள் மலைவீட்டுக்கு வந்தார்கள். தந்தை, பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, கையுறை அணிந்து, அவர்களுடைய கால் புண்களைக் கழுவிக் கட்டினார். வந்தவர்கள் தொழுநோயாளிகள். கதவிடுக்கில் நின்று அந்தச் சிறுவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரத்தத்தையும் சீழையும் கண்டு அருவருத்து, மருத்துவமே வேண்டாமென்று கட்டட வேலை கற்ற அவர், பின்னர் மனம் மாறி மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்கிறது என்றே உலகம் நம்பியிருந்தது. அப்படியன்று, உணர்ச்சி மரத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டே விரல்கள் அழிகின்றன என்று டாக்டர் பால் பிராண்ட் நிலைநாட்டினார். மடங்கிப்போன கைகளில் நல்ல தசைநாணை எடுத்து மாற்றிப் பொருத்தி, மீண்டும் சோறள்ளி உண்ணவும் உழைக்கவும் வைத்தார். அவர் வகுத்த அறுவை முறை உலகெங்கும் பரவியது. 2003இல் அவர் காலமானார். கொல்லிமலை வீட்டுத் திண்ணையில் கழுவப்பட்ட ஆறு கால்களிலிருந்து எத்தனை ஆயிரம் கைகள் எழுந்தன என்பதை யார் எண்ணக்கூடும்?

நம்மிடமுள்ள வேர்

இவ்வகைத் தங்கல் நம் திருச்சபைக்கும் நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று. நமக்குத் தெற்கே, கொள்ளிடக் கரைக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி சுவாமிகள், வீரமாமுனிவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மண்ணில் வாழ்ந்தார். 1747இல் மறையும் வரை தாய்நாடு திரும்பவில்லை. அடைக்கல அன்னையின் நிழலில் உபதேசியார்களுக்கென ஒரு பள்ளியை நடத்தினார். தங்கியதால்தான் தமிழ் அவருக்கு வசப்பட்டது. வந்து போனவருக்குத் தேம்பாவணி கைவந்திருக்குமா?

சிறுவர்களைப் பொறுத்தவரையில் நமக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1843இல் பிரான்சு நாட்டில் ஃபோர்பின் ஜான்சன் என்ற ஆயர் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். தூரதேசத்து ஏழைக் குழந்தைகளுக்காகக் கத்தோலிக்கச் சிறுவர்கள் நாளுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும்; மாதத்துக்கு ஒரு சிறு காசு கொடுக்க வேண்டும். அவ்வளவே அதன் சட்டம். 1922இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அதைப் பாப்பிறைச் சபையாக உயர்த்தினார். குழந்தைகளே குழந்தைகளுக்கு உதவுவது என்ற அந்த எண்ணத்தின் பயனாக எத்தனையோ அநாதைச் சாலைகள் பல நாடுகளில் நிலைபெற்றன. அந்தக் காசு வந்த தூரம் பெரிது. ஆனால் அந்தக் காசைக் கஞ்சியாக மாற்ற ஒருவர் அங்கே தங்க வேண்டியிருந்தது. எங்கோ ஒரு கன்னியாஸ்திரி, எங்கோ ஒரு குருவானவர், எங்கோ ஒரு சமையற்கார அம்மாள்.

யூபிலி ஆண்டில் நமக்கு

இப்போது நம்மிடம் வருவோம். கிறிஸ்துமஸ் காலத்திலும் விடுமுறையிலும் நம்மில் பலர் குழுவாகச் சேர்ந்து வண்டி பிடித்து, மலைப்பக்கத்துச் சிறுவர் இல்லங்களைப் பார்க்கப் போகிறோம். பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் கொண்டுபோகிறோம். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடுகிறார்கள். புகைப்படம் எடுக்கிறோம். மாலையில் இறங்கிவிடுகிறோம். இது நல்ல காரியந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவர்கள் எத்தனையோ வண்டிகள் வந்து போவதைப் பார்த்தவர்கள். அடுத்த ஆண்டும் அதே முகம் வருகிறதா, தங்கள் பெயர் அதற்கு நினைவிருக்கிறதா என்றுதான் அவர்கள் தேடுகிறார்கள்.

எல்லாரும் வீடுவாசலை விட்டு மலைமேல் குடியேற முடியாது. ஆண்டவர் எல்லாரையும் அதற்கு அழைக்கவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் தங்குவது எல்லாராலும் முடியும். ஒரு பிள்ளையின் படிப்பை ஒரு குடும்பம் ஒன்றாம் வகுப்பில் ஏற்று, பன்னிரண்டாம் வகுப்புவரை கைவிடாமல் இருந்தால் அது தங்கல். ஞாயிறு மறைக்கல்விக்கு வராமல் நின்றுவிட்ட சிறுவனைத் தேடி ஆசிரியர் அவன் வீட்டுக்கே போய், காரணம் கேட்டு, மறுவாரமும் போனால் அது தங்கல். தாயை இழந்த பக்கத்துத் தெருக் குழந்தைக்கு, அது எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல், நம் வீட்டுத் தட்டில் நாளும் ஒரு பிடி சோறு இருந்தால் அது தங்கல். அதற்கு மலை ஏற வேண்டியதில்லை. நம் ஊர்ச் சமவெளியே போதும்.

ஒரு சிறு பிள்ளையைத் தம் பெயரால் ஏற்றுக்கொள்கிறவர் தம்மையே ஏற்றுக்கொள்கிறார் என்று ஆண்டவர் சொன்னார். ஏற்றுக்கொள்வது என்றால் பார்த்துவிட்டுப் போவதன்று. யூபிலி என்பது ஆண்டுகளை எண்ணும் விழா. எத்தனை ஆண்டுகள் ஆயின, எத்தனை குருக்கள் வந்தார்கள், கோயில் எப்போது எழுந்தது என்றெல்லாம் எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். அதோடு இன்னும் ஒரு கணக்கையும் எண்ணுவோம். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பங்கு எத்தனை பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது? எத்தனை பேரை நழுவவிட்டது? அடுத்த யூபிலி மலரை எழுதப்போகிறவர்களில் சிலர், இன்று நாம் ஏற்றுக்கொள்ளும் அந்தப் பிள்ளைகளாகவே இருக்கக்கூடும்.

மலைநாட்டுக்கு விரைந்து சென்று, மூன்று மாதம் தங்கி, இன்னொரு தாயின் வீட்டில் பணிவிடை செய்த அடைக்கல அன்னை, நம் பங்கின் ஒவ்வொரு குழந்தைக்காகவும், மலைகளில் வாழும் ஒவ்வொரு ஏழைக் குழந்தைக்காகவும் தம் திருமகனிடம் மன்றாடுவாராக.

ஆமென்.